ஒரு மெட்டு, பல இழைகள்: அரபிசையின் நெசவும் 1932 கெய்ரோ மாநாடும்

ரபீஉல் அவ்வல் மாத இரவுகளில் நம் ஊர்களில் நடைபெறும் மவ்லிது மஜ்லிஸை அறியாதவர் நம்மிடையே குறைவு. ஹிகாயத்தை ஒருவர் ஓதி நிறுத்துகிறார். பைத்து தொடங்கியதும் அவை முழுவதும் சேர்ந்துகொள்கிறது. முதியவர்களின் குரல் கீழே நிற்க, சிறுவர்களின் குரல் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது. நடுவே ஒருவர் அடியின் கடைசி எழுத்தை நீட்டி நெளிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் மூச்சு வாங்கி அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். எல்லோரும் ஓதுவது ஒரே மெட்டுதான். ஆயினும் எவரும் அதனை ஒரே விதமாக ஓதுவதில்லை. இந்தச் சிறு விலகல்கள் நம் காதுக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை. அவை இல்லாவிட்டால்தான் மஜ்லிஸ் மஜ்லிஸாக இராது.

மவ்லிது ஓதுதலை இசைக் கச்சேரி என்று சொல்ல வரவில்லை. குரல்களும் ஒலிகளும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக்கொள்கின்றன என்பதை விளக்க, நம் கைக்கு எட்டும் உதாரணம் அதுவாக இருப்பதால் சொன்னேன். அந்தப் பின்னலையே இசையறிஞர்கள் இழையமைப்பு என்கிறார்கள். இக்கால அரபி வழக்கிலும் அதற்கு 'நஸீஜ்', அதாவது நெசவு என்றே பெயர். இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதம் நம்மிடையே பழையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஸமாவுக்கென்று ஒரு தனி நூற்பகுதியையே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த விவாதத்திற்குள் இக்கட்டுரை நுழையவில்லை. ஆனால் அதிலேயே நம் ஆற்றல் முழுவதும் செலவாகிவிட்டதால், முஸ்லிம் சமூகங்கள் உருவாக்கிய ஒலிமரபுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்ற வரலாற்றுக் கேள்வியை நாம் அநேகமாகக் கேட்டதே இல்லை. அக்கேள்வியைப் பிறர் கேட்டார்கள். பதிலையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

இழையமைப்பு பலவகைப்படும். துணையின்றி ஒரு குரல் மட்டும் ஒலிப்பது ஒற்றை இழை. அடியில் ஒரு சுரம் இடைவிடாது நிற்க, மேலே மெட்டு நகர்வது இன்னொன்று. நாகசுரத்தோடு ஒலிக்கும் ஒத்து இதற்குத் தமிழர் நன்கறிந்த சான்று. (ஷேக் சின்ன மௌலானா அவர்களின் பழைய ஒலிப்பதிவுகளில் மனோதர்மத்தை வியப்பவர்கள், கீழே அசையாது நிற்கும் அந்த ஒற்றைச் சுரத்தை ஒருமுறை தனியே கவனித்துப் பார்க்க வேண்டும்.) வேறுபட்ட மெட்டுகள் ஒரே நேரத்தில் தத்தம் வழியில் சென்று ஒன்றோடொன்று பொருந்துவது ஐரோப்பியத் தேவாலய இசையில் வளர்ந்த பல்குரலிசை. ஒரு மெட்டுக்கு அடியில் சுரக்கட்டுகளை அடுக்கித் தாங்குவது பிற்காலத்தின் ஹார்மனி. இவற்றுள் எதிலும் அடங்காதது, மேலே மஜ்லிஸில் கண்ட வகை: எல்லோரும் ஒரே மெட்டை, ஒரே நேரத்தில், அவரவர் விதத்தில் நிகழ்த்துவது. இதற்கு 'ஹெட்டரோஃபனி' என்று பெயர். 'வேற்றொலி' என்று பொருள்படும் இக்கிரேக்கச் சொல்லைப் பிளேட்டோ தமது 'சட்டங்கள்' நூலில் யாழ் பயிற்றுவது பற்றிப் பேசும்போது கையாண்டிருக்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து, 1901இல் பெர்லினில் சயாம் நாட்டு இசையை ஆராய்ந்த கார்ல் ஸ்டும்ஃப் அதனை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தார். பெர்லின் என்ற ஊரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதை மீண்டும் அங்கே திரும்பும்.

அரபிசையின் உயிர் இந்த வேற்றொலி நெசவில்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கெய்ரோவில் சிறந்திருந்த 'தக்த்' என்னும் சிறு குழு அதன் முழுமையான வடிவம். தக்த் என்றால் மேடை. மேடையில் அமர்ந்திருப்பவர்களுக்கே அது பெயராகிவிட்டது. ஊது, கானூன், நய், கமன்ஜா என அழைக்கப்பட்ட வயலின், தாளத்திற்கு ரிக் என்னும் சலங்கைத் தப்பு ஆகிய ஐந்துதான் கருவிகள். இவர்கள் முன்னே ஏடு எதுவும் இராது. மெட்டு அனைவருக்கும் மனப்பாடம். ஆனால் ஒவ்வொருவரும் அதனைத் தம் கருவியின் இயல்புக்கேற்ப வாசிப்பார். ஊதின் ஒலி மீட்டியவுடன் மங்கிவிடும். ஆகவே ஊது வாசிப்பவர் ஒரு நெடுஞ்சுரத்தைப் பல சிறு மீட்டல்களாகப் பொடித்துத் தருவார். நயின் ஒலி மூச்சளவு நீளும். ஆகவே நய் வாசிப்பவர் அதே சுரத்தைப் பிடித்து நிறுத்தி, அதன் ஓரத்தை மட்டும் அசைப்பார். கானூன் இரு கைகளாலும் இரு ஸ்தாயிகளில் நிரப்பும். வயலின் இரு சுரங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லும். கேட்பவருக்கு ஒரு மெட்டுதான் கேட்கும். ஆனால் அது ஒரு கோடாக இராது, இழைகள் தெரியும் ஒரு நாடாவாக இருக்கும்.

இதனைக் கேட்டுப் பழக எளிய வழி ஒன்று உண்டு. 1911இல் மறைந்த ஷேக் யூஸுஃப் அல்-மன்யலாவியின் இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல்முறை குரலை மட்டும் பின்தொடர வேண்டும். இரண்டாம் முறை குரலை விட்டுவிட்டுக் கானூனை மட்டும் பின்தொடர வேண்டும். குரல் நின்ற இடத்தில் அது நிற்காதிருப்பதும், குரல் ஏறுமுன்பே சில வேளை அது ஏறிவிடுவதும் அப்போது புலப்படும். மூன்றாம் முறை கேட்கும்போது காது தானாகவே இரண்டையும் பற்றிக்கொள்ளும். எனக்கு இது கைவரச் சில மாதங்கள் ஆயின என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தக்த் மரபில் இன்னொரு நுட்பம் உண்டு. பாடகர் தாளமின்றிக் கற்பனையாகப் பாடும்போது ஒவ்வொரு தொடரின் முடிவிலும் ஒரு கருவி அதனைத் திரும்பச் சொல்லும். அப்படியே அல்ல, சுருக்கியும் தன் மொழிக்கு மாற்றியும் சொல்லும். இதற்கு அரபியில் 'தர்ஜமா', அதாவது மொழிபெயர்ப்பு என்றே பெயர். ஈரானியர் இதையே 'ஜவாபே ஆவாஸ்', பாட்டுக்கு மறுமொழி என்பார்கள். பாடகரின் குரல் ஓய்வதற்குள் மறுமொழி தொடங்கிவிடுமாதலால், இரண்டும் ஒரு கணம் ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்தப் படிதலிலும் ஓர் இழையமைப்பு பிறக்கிறது.

இந்நுட்பங்களின் வேர் பழைய நூல்களில் தென்படுகிறது. ஹி. 339இல் (கி.பி. 950) மறைந்த அல்-ஃபாராபி தம் 'கிதாபுல் மூஸிகல் கபீர்' நூலில் மனிதக் குரலையே உயர்ந்ததாக வைத்து, கருவியொலி அதனைத் தொடர்ந்து அழகூட்டி நிரப்புவது என்று பேசுகிறார். ஹி. 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா 'ஷிஃபா'வின் இசைப்பகுதியில் மெட்டின் அலங்காரங்களை வகைப்படுத்தும்போது 'தர்கீப்' என்ற ஒன்றைக் கூறுகிறார். இசைவான இரு சுரங்களை ஒரே மீட்டலில் கலந்து ஒலிக்கச் செய்வது அது. அத்தகைய கலப்புகளில் ஸ்தாயி இடைவெளியே சிறந்தது, அடுத்து நான்காம் சுர இடைவெளி என்பது அவர் கருத்து. ஆக, இரு சுரங்கள் ஒருங்கே ஒலிப்பது அவர்கள் அறியாத விஷயம் அல்ல. அறிந்திருந்தும் அதனை அணியாக மட்டுமே வைத்துக்கொண்டார்கள், கட்டடமாக்கவில்லை. ஸ்காட்லாந்து அறிஞர் ஹென்றி ஜார்ஜ் ஃபார்மர் இந்தத் தர்கீபைச் சுட்டி, ஐரோப்பியரின் தொடக்ககாலப் பல்குரலிசைக்கும் அரபுகளே வழிகாட்டியிருக்கலாம் என்று வாதிட்டார். நம்மவர்களில் பலருக்கு இக்கூற்று இனிக்கிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஓர் அலங்காரத்தின் பெயரை வைத்து ஒரு கண்டத்தின் கலைக்கே தந்தைமை கோருவது அரபிசையின் பெருமையைத் தவறான இடத்தில் தேடுவதாகும். ஐரோப்பியர் செய்ததை நாங்கள் முன்பே செய்தோம் என்ற வாதத்திற்குள், அவர்கள் செய்ததே அளவுகோல் என்ற ஒப்புதலும் ஒளிந்திருக்கிறது.

அந்த அளவுகோல் எகிப்துக்கு நெப்போலியனின் படையோடு வந்தது. 1798இல் அப்படையெடுப்போடு வந்த அறிஞர் குழுவில் வில்லோட்டோ என்ற இசையறிஞரும் இருந்தார். கெய்ரோப் பாடகர்களின் அலங்காரங்கள் தம் காதைத் துன்புறுத்தியதை அவர் தம் எழுத்தில் மறைக்கவில்லை. ஆயினும் உழைப்பாளியாகையால் கருவிகளையும் சுர இடைவெளிகளையும் பொறுமையாகப் பதிவு செய்தார். 1836இல் வெளியான எட்வர்ட் லேனின் நூல் கெய்ரோவின் திக்ரு மஜ்லிஸை விரிவாக வருணிக்கிறது; ஓதப்பட்ட மெட்டுகள் சிலவற்றை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதியும் காட்டுகிறது. அந்தத் திக்ருவின் இழையமைப்பு தனிச்சிறப்புடையது. வட்டமாக நிற்போர் இறைநாமத்தை மூச்சோடு இணைத்துச் சீரான துடிப்பில் மீண்டும் மீண்டும் மொழிகிறார்கள். அது அடி இழை. அதன்மேல் முன்ஷித் எனப்படும் பாடகர் கஸீதாவை அத்துடிப்புக்குக் கட்டுப்படாமல் நீட்டியும் குறைத்தும் பாடுகிறார். கீழிழை அளவானது, மேலிழை அளவற்றது. ஏட்டில் எழுத முயன்றால் கீழிழை ஒரே அளவு திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றும். மேலிழைக்கோ குறியீடு போதாது.

முன்ஷிதுக்கு உடன் பாடும் குழு 'பிதானா' எனப்பட்டது. ஆடையின் உள்துணி என்பது அச்சொல்லின் பொருள். நெசவுத் தொடர்பு இங்கும் விடவில்லை. கெய்ரோவின் ஹுஸைன் பள்ளிவாசலோடு பெயர் இணைந்த ஷேக் அலீ மஹ்மூத் (மறைவு 1946) இக்கலையின் சிகரம். பிற்காலத்தில் பெரும் இசையமைப்பாளராக விளங்கிய ஸகரிய்யா அஹ்மத் தொடக்கத்தில் இவரது பிதானாவில் பாடியவர். உம்மு குல்ஸூமும் இம்மரபிலிருந்தே வந்தார். கிராமத்துத் திருமண இல்லங்களில் தந்தையும் சகோதரரும் பிதானாவாக நிற்க, கருவிகளின்றிப் பாடியவர் அவர். 1926இல்தான் குடும்பத்தாரின் குரல்களுக்குப் பதிலாகத் தக்த் குழுவை அமர்த்திக்கொண்டார்.

குர்ஆன் கிராஅத் இவ்வகைகள் எதிலும் சேராது. அதனை ஓதுவோரும் கேட்போரும் இசையென எண்ணுவதுமில்லை. தனிக்குரலின் அந்த ஒற்றை இழைக்குத் துணை, இடையே விடப்படும் மௌனம் மட்டுமே.

1932இல் அரபிசையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் எகிப்தின் மன்னர் ஃபுஆதுக்கு உண்டாயிற்று. மார்ச் 14 முதல் ஏப்ரல் 3 வரை கெய்ரோவில் அரபிசை மாநாடு கூடியது. ஹங்கேரியின் பேலா பார்ட்டோக், ஜெர்மனியின் பால் ஹிண்டெமித், பெர்லினிலிருந்து குர்ட் ஸாக்ஸ், ஹோர்ன்போஸ்டெல், ராபர்ட் லாக்மான், துருக்கியிலிருந்து ரஊஃப் யெக்தா பே, மேலே சொன்ன ஃபார்மர் எனப் பெரும் அறிஞர் கூட்டம் திரண்டது. ஹோர்ன்போஸ்டெல், ஸ்டும்ஃப் தொடங்கிய பெர்லின் ஒலிக்காப்பகத்தைப் பேணி வளர்த்தவர். பார்ட்டோக் அதற்கு முன்பே, 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராப் பகுதிக்குச் சென்று நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்தவர். ஃபாராபியையும் இப்னு ஸீனாவையும் பிரெஞ்சில் வெளியிடும் பெரும்பணியை மேற்கொண்டிருந்த பாரன் தெர்லாஞ்சே மாநாட்டின் ஏற்பாடுகளில் பெரும்பங்கு கொண்டும் நோயினால் வர இயலவில்லை, அவ்வாண்டிலேயே மறைந்தார். மாநாட்டுச் செயலாளராக இருந்த மஹ்மூத் அஹ்மத் அல்-ஹிஃப்னீயும் பெர்லினில் படித்தவரே.

கருவிகள் பற்றிய குழுவில்தான் சூடு பறந்தது. பியானோவை அரபிசையில் சேர்க்கலாமா? கால்சுரங்களையும் ஒலிக்கும்படி அமைத்த பியானோக்கள் மாநாட்டின் பார்வைக்கு வந்திருந்தன. எகிப்திய உறுப்பினர் பலர் ஐரோப்பியக் கருவிகளை வரவேற்றார்கள். தங்கள் இசை தேங்கிக் கிடக்கிறது, ஹார்மனியும் பெரிய வாத்தியக் குழுவும் வந்தால்தான் உலக அரங்கில் அது நிற்கும் என்பது அவர்கள் கவலை. விந்தை என்னவெனில், எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர்கள் ஐரோப்பியர்கள், குறிப்பாகப் பெர்லின் அறிஞர்கள்.

எதிர்ப்புக்கு வலுவான காரணம் இருந்தது. ராஸ்த், பயாத்தீ போன்ற அடிப்படையான மகாம்களில் மூன்றாம் சுரமோ இரண்டாம் சுரமோ ஐரோப்பிய முழுச்சுரத்திற்கும் அரைச்சுரத்திற்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் நிற்கிறது. ஹி. 693இல் (கி.பி. 1294) மறைந்த ஸஃபிய்யுத்தீன் அல்-உர்மவீ ஒரு ஸ்தாயியைப் பதினேழு இடைவெளிகளாகப் பகுத்துக் கணக்கிட்டதும் இத்தகைய நுண்சுரங்களுக்கு இடமளிக்கத்தான். ஐரோப்பியச் சுரக்கட்டோ மூன்றாம் சுரம் பெரியதா சிறியதா என்பதைக் கொண்டே தன் தன்மையைப் பெறுகிறது. ராஸ்தின் மூன்றாம் சுரம் இரண்டுமல்ல. ஆகவே சுரக்கட்டு வேண்டுமென்றால் ராஸ்த் போக வேண்டும்; ராஸ்த் வேண்டுமென்றால் சுரக்கட்டு ஒதுங்க வேண்டும். பின்னாளில் முஹம்மத் அப்துல் வஹ்ஹாப் போன்றவர்கள் சுரக்கட்டுகளைக் கையாண்டபோது, பொதுவாக நஹாவந்த், அஜம் போன்ற நுண்சுரம் இல்லாத மகாம்களிலேயே அதைச் செய்தார்கள் என்பது இதற்குச் சான்று.

எகிப்தியர்களின் நிலையையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆங்கிலேயரின் பிடியிலிருந்து முழுமையாக விடுபடாத ஒரு நாட்டைப் பார்த்து, உங்கள் இசை பழமையாக இருப்பதே அழகு, அப்படியே இருங்கள் என்று வெளியிலிருந்து வந்தவர் சொல்லும்போது, கேட்பவருக்கு அது அறிவுரையாகவா ஒலித்திருக்கும்? அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் நிற்கச் சொல்வதாகவே ஒலித்திருக்கும். தவிரவும், எந்த இசையும் மாறாது நின்றதில்லை. வயலினே ஐரோப்பாவிலிருந்து வந்து தக்தில் இடம்பிடித்ததுதான். என் கருத்தில், இரு தரப்பாரும் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். மெட்டுகளையும் மகாம்களையும் கருவிகளையும் பற்றி வாதிட்டார்கள். ஐந்து பேர் ஒரு மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் முறைக்கு, அந்த நெசவுக்கு, வழக்காட யாரும் எழவில்லை. பியானோவை வாசலில் நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணினார்கள். ஆபத்து வேறு வாசல் வழியாக வந்தது.

1934இல் தூனிஸில் 'ரஷீதிய்யா' நிறுவப்பட்டது. அந்தலூஸிய மரபின் வழிவந்த மஃலூஃப் இசையைக் காப்பதே அதன் நோக்கம். அதுவரை ஒவ்வொரு ஷேக்கும் தமக்கென ஒரு பாடம் வைத்திருந்தார். அவற்றைத் திரட்டி, பெரிய குழு ஒருங்கே வாசிக்கும்படி முஹம்மத் திரீக்கீ குறியீட்டில் எழுதினார். நோக்கம் உயர்ந்தது, அழியவிருந்தவை பல அதனால் பிழைத்தன. ஆனால் வயலின்கள் பல வரிசையாக அமரும்போது விதி மாறுகிறது. ஐவர் ஒரு மெட்டை ஐந்து விதமாக வாசித்தால் ஒவ்வொருவரின் விலகலும் தனியே கேட்கும், ஆகவே இனிக்கும். இருபது முப்பது பேர் அவ்வாறு விலகினால் எதுவும் தனியே கேட்காது. கலங்கல் மட்டுமே எஞ்சும். எனவே எல்லோரும் ஒன்றுபோல் வாசித்தாக வேண்டும். அதற்கு ஏடு வேண்டும், ஒத்திகை வேண்டும், கடைசியில் கோலேந்திய நடத்துநரும் வேண்டும். 1967இல் அப்துல் ஹலீம் நுவைராவின் தலைமையில் கெய்ரோவில் அமைந்த அரபிசைக் குழு இந்தப் பாதையின் முழுமை. முன்பு ஒரு பாடகர் தம் கற்பனைக்கு வெளியாகக் கொண்டிருந்த உருப்படிகளை ஒரு கூட்டமே ஒரே குரலாக, ஓர் அசைவும் மாறாமல் பாடியது. ஹார்மனி அதில் நுழையவில்லை, மகாம் சிதையவில்லை. பழைய இசைதான், நெசவு மட்டும் இல்லை.

உம்மு குல்ஸூமின் குழுவும் இவ்வாறே பெருத்தது. 1964இல் 'இன்த்த உம்ரீ' மேடையேறியபோது வயலின் வரிசைகளோடு மின்கிதாரும் சேர்ந்திருந்தது. ஆயினும் அவரது கச்சேரிப் பதிவுகளில் கவனித்துக் கேட்டால் ஓரத்தில் ஓர் இழை அறுபடாமல் ஓடுவது தெரியும். வயலின்கள் ஒரே குரலில் நகர்ந்துகொண்டிருக்க, அவர் ஒரு வரியை மூன்றாம் முறை மாற்றிப் பாடும்போது முஹம்மத் அப்துஹு ஸாலிஹின் கானூன் மட்டும் அந்த மாற்றத்தைப் பற்றிக்கொண்டு தர்ஜமா செய்கிறது. அரங்கத்தின் ஆரவாரம் பெரும்பாலும் அதற்குப் பின்புதான் எழுகிறது.

1932 மாநாட்டின் வாதங்கள் ஏட்டில் உறங்கினாலும், லாக்மானின் பொறுப்பில் அப்போது பதிவான இசைத்தட்டுகள் எஞ்சின. அவற்றைப் பிரான்ஸின் தேசிய நூலகம் 2015இல் 18 குறுந்தகடுகளாக வெளியிட்டது. மொராக்கோ முதல் இராக் வரை அன்று ஒலித்த நெசவுகள் அனைத்தும் அதில் உள்ளன. பதிவு செய்தவர்களின் கதி வேறுவிதமாயிற்று. மாநாடு முடிந்த மறு ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான லாக்மான் பெர்லின் நூலகப் பணியை இழந்து ஜெருஸலம் சென்று 1939இல் மறைந்தார். ஹோர்ன்போஸ்டெல் நாட்டைவிட்டு வெளியேறி 1935இல் கேம்பிரிட்ஜில் இறந்தார். ஸாக்ஸ் பாரிஸ் வழியாக நியூயார்க் சேர்ந்தார்.

அத்தொகுப்பில் இராக் பதிவுகளை நான் அடிக்கடி கேட்கிறேன். பாடுபவர் பாக்தாத்தின் முஹம்மத் அல்-குப்பான்ஜீ. உடன் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அந்நகரத்து யூதர்கள். 1950களின் தொடக்கத்தில் அச்சமூகம் ஏறத்தாழ முழுவதுமாக நாட்டைவிட்டுப் பெயர்ந்தது. ஸந்தூரின் சிறு தட்டல்கள் பொடியாகச் சிதற, தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஜோஸாவின் வில்லோசை அதற்கடியில் இழுத்துக்கொண்டே வருகிறது. குரல் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறது. இரண்டு கருவிகளும் அந்த இடைவெளியில் அதே தொடரைத் திரும்பச் சொல்கின்றன, ஒன்று சற்று முந்தியும் மற்றது சற்றுப் பிந்தியும்.